வறட்சிக்காக வாங்கிய அதிகாரம்

மார்ச் 4, செவ்வாய்

காலையில் ஒரு பன்றி வழக்கு. அடுத்த வீட்டுப் பாபைக் கிழங்குக் குழியில் இறங்கி, மூன்று வருடம் வளர்த்ததைத் தோண்டித் தின்றுவிட்டது. உரிமையாளர், அந்தப் பன்றியே தன்னுடையதில்லை என்கிறார். சாயங்காலமானால் பன்றி அவர் வீட்டுக்குத்தான் போகிறது. இதற்கு இரண்டு வக்கீல், அவருக்கு நான்.

திரும்பும்போது பேருந்து ஓரமாக ஒதுங்கி நின்றது. கொடி கட்டிய வெள்ளைக் கார் போயிற்று. அதிபர் தெவேயா. எல்லோரும் எட்டிப் பார்த்தார்கள். நான் குனிந்து என் செருப்பைப் பார்த்துக்கொண்டேன். அந்த முகத்தைப் பார்த்தால் அன்றைக்குச் சோறு இறங்குவதில்லை.

என் கணவர் பௌரோவின் முதலாண்டு நினைவுப் பூசையில் வாசிக்க நாலு வரி எழுதித் தரச் சொல்லிப் பாதிரியார் கேட்டிருக்கிறார். கோயிலில் வாசிக்கக்கூடியதை நாளைக்கு எழுதிக்கொள்கிறேன். வாசிக்க முடியாதது இது:

வறட்சி வந்தது. கிணறெல்லாம் உப்பு. தெவேயா அவசர நிலை அறிவித்தார், சரி. தண்ணீர்த் தொட்டிகளைப் பூட்டி அளந்து கொடுக்க அதிகாரம் வாங்கினார், அதுவும் சரி. அந்த அதிகாரத்தை வைத்தே, அமைச்சர்கள் வீட்டுக்கு மட்டும் இரவில் லாரி போகிறது என்று சொன்ன துறைமுகத் தொழிலாளி ஒருவனைப் பிடித்து உள்ளே போட்டார். வழக்கு இல்லை, விசாரணை இல்லை, ஒரு கையெழுத்து. என் கணவர் உயர் நீதிமன்ற நீதிபதி. அவனை விடுவித்துத் தீர்ப்பு எழுதினார். வறட்சிக்காக வாங்கிய அதிகாரத்தால் வாயைப் பூட்ட முடியாது. யாரைப் பிடித்தாலும், எந்த அவசரமானாலும், மறுநாள் சூரியன் மறைவதற்குள் நீதிபதி முன் நிறுத்த வேண்டும்.

அடுத்த வாரம் தெவேயா வானொலியில் பேசினார். பௌரோவை நியமித்தபோது பொதுப்பணி ஆணையத்தின் பரிந்துரையே வரவில்லையாம். ஆகவே அவர் நீதிபதியே அல்லவாம். அவர் எழுதியது தீர்ப்பே அல்லவாம். ஆணையத் தலைவரைக் கேட்டால் ஞாபகமில்லை என்றார். வீட்டைக் காலி செய்யச் சொன்னார்கள். சிறுநீரகம் கெட்டபோது வெளிநாட்டுச் சிகிச்சைக்கு அனுப்பவில்லை. எல்லாரையும் அனுப்புகிற அரசாங்கம்.

நீதிபதியாக இல்லாமலே செத்தார். இது தெவேயாவுக்குத் திரும்பக் கிடைக்க வேண்டும். முழுசாக.

மார்ச் 9

பூசை முடிந்தது. நாலு வரியில் மூன்று பொய்.

மார்ச் 27, வியாழன்

எதிர்க்கட்சித் தலைவர் இயாகோபா வந்தார். நம்பிக்கையில்லாத் தீர்மானம் கொண்டுவரப் போகிறாராம், வாசகம் நான் எழுதித்தர வேண்டுமாம். பேனாவைத் தேடக்கூட நேரம் எடுத்துக்கொள்ளவில்லை நான். பௌரோவின் தீர்ப்பை முதல் பத்தியிலேயே வைத்தேன். இயாகோபா உரக்கப் படித்துப் பார்த்து, “இது ஒண்ணு போதும் அக்கா, ஆளைக் கவுத்துடலாம்” என்றார்.

போதாது. எங்கள் அரசியல் சட்டத்தை எழுதியவர்கள் கெட்டிக்காரர்கள். அதிபர்மேல் நம்பிக்கை இல்லை என்று சபை சொன்னால் அதிபர் மட்டும் போகமாட்டார், சபையும் அன்றே கலையும். சபாநாயகர், தலைமை நீதிபதி, பொதுப்பணி ஆணையத் தலைவர் என்று மூன்று பேர் நாட்டைப் பார்த்துக்கொள்வார்கள், மற்ற அத்தனை பேரும் ஊருக்குப் போய் மறுபடி ஓட்டுக் கேட்க வேண்டும். சொந்தப் பகைக்காக ஒருவரும் ஆட்சியைக் கவிழ்க்கக் கூடாது என்பதற்காக இப்படி வைத்தார்களாம். ஒருவரைத் தள்ள வேண்டுமென்றால் நீயும் சேர்ந்து விழு என்று அர்த்தம். எனக்கென்ன, நான் உறுப்பினர் இல்லையே. மற்றவர்களை விழவைக்க வேண்டும், அவ்வளவுதான்.

ஏப்ரல் 14, திங்கள்

பதினொரு பேர் சேர்ந்தாகிவிட்டது. இன்னும் ஒருவர் வேண்டும். பினோகா, என் சித்தப்பா மகன், போன தேர்தலில் இருபத்து மூன்று ஓட்டு வித்தியாசத்தில் வந்தவன். இன்னொரு தேர்தல் என்றாலே அவனுக்குப் பயம். இயாகோபா மூன்று தடவை போய்ப் பார்த்தார், அமைச்சர் பதவிகூடச் சொன்னார். அசையவில்லை.

இன்றைக்கு நான் போனேன். பாய் எடுத்துக்கொண்டு போனேன். அதைப் பார்த்ததுமே அவன் முகம் வெளுத்தது. அவன் வீட்டுத் தரையில் விரித்து உட்கார்ந்து, “தம்பி, உன்கிட்ட புபுசி கேக்க வந்திருக்கேன். உன் ஓட்டு வேணும்” என்றேன்.

எங்கள் வழக்கத்தில், பாய் விரித்துப் புபுசி என்று யார் கேட்டாலும் இல்லை என்று சொல்ல முடியாது. தோணியைக் கேட்டாலும் கொடுக்க வேண்டும், மகனைத் தத்துக் கேட்டாலும் கொடுக்க வேண்டும். ஆனால் சபை ஓட்டை இதுவரை யாரும் இப்படிக் கேட்டதில்லை.

“இது கேக்கற விஷயமா அக்கா? இது என்னோடதா, குடுக்கறதுக்கு? ஜனங்களோடது.”

“கேட்டுட்டேன்” என்றேன்.

அவன் மனைவி உள்ளே பாத்திரத்தைப் போட்டு உடைக்காத குறை. அவன் தலையாட்டினான். வெளியே வந்து செருப்பைக் கால் மாற்றி மாட்டிக்கொண்டேன். சந்தோஷத்தில்தான்.

ஏப்ரல் 30

ஆட்சி விழுந்தது. பன்னிரண்டு பேர் எழுந்து நின்றார்கள். பினோகா கடைசியாக எழுந்தான். பார்வையாளர் வரிசையில் முதல் பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். சபாநாயகர் முடிவைச் சொன்னபோது தெவேயா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், மாட்டினார், மறுபடி கழற்றினார். அந்தக் கையை நான் சாகிறவரை மறக்கமாட்டேன். இனிக்கிறது.

மே 2

இன்றைக்கும் இனிக்கிறது.

ஆகஸ்ட் 11, திங்கள்

தேர்தல் எல்லாம் முடிந்தது. தெவேயா தன் தீவிலேயே தோற்றார். இயாகோபா அதிபர். பினோகாவும் தோற்றான், தெருவில் பார்த்தால் வேறு பக்கம் திரும்பிக்கொள்கிறான். அவனுக்கு ஏதாவது செய்ய வேண்டும்.

இயாகோபா ஆள் அனுப்பியிருக்கிறார். வருடக் கடைசியில் அரசுத் தலைமை வழக்கறிஞர் பதவி காலியாகிறதாம், எனக்குத்தானாம். பௌரோவை நாற்காலியிலிருந்து இறக்கிய அந்த அலுவலகத்தில் போய் உட்காரப் போகிறேன். ஒவ்வொரு அலமாரியாகத் திறந்து பார்ப்பேன்.

செப்டம்பர் 19, வெள்ளி

பௌர்ணமிக் கடல் இந்தத் தடவை பாலச் சாலையை உடைத்துவிட்டது. பாதி ஊர் வீட்டுக்குள் முழங்கால் தண்ணீர். இயாகோபா அவசர நிலை அறிவித்தார். நியாயம்தான், மணல் மூட்டை, படகு எல்லாம் வேண்டும்.

மத்தியானம் அதே அதிகாரத்தில் தெவேயாவைப் பிடித்துப் போட்டுவிட்டார்கள்! தேர்தலில் மோசடி என்று ஊர் மன்றங்களில் கூட்டம் போட்டுப் பேசிக்கொண்டிருந்தாராம். வழக்கு இல்லை, விசாரணை இல்லை, ஒரு கையெழுத்து.

சிரித்தேன். தனியாக உட்கார்ந்து வாய்விட்டுச் சிரித்தேன். என்னோடு இருக்கும் தங்கை மாட்டிறைச்சி டின் உடைத்துச் சோறு போட்டாள், இரண்டு தட்டு தின்றேன்.

செப்டம்பர் 21, ஞாயிறு

பூசை முடிந்து வேண்டுமென்றே காவல் நிலையம் வழியாக நடந்தேன். பின்பக்கம் குழாயடியில் தெவேயா பனியனும் அரைக்கால் சட்டையுமாகப் பல் விளக்கிக்கொண்டிருந்தார். எத்தனை பேரை நிற்கவைத்த ஆள், வாளிக்காக வரிசையில் நிற்கிறார். அவரும் என்னைப் பார்த்தார். நான் நகரவில்லை. நல்லாப் பாக்கட்டும். பாத்துட்டு உள்ள போய் யோசிக்கட்டும்.

செப்டம்பர் 26, வெள்ளி

கெதுரா வந்தாள். தெவேயாவின் மனைவி.

தூரத்தில் வரும்போதே கக்கத்தில் பாய் தெரிந்தது. பின்வாசல் வழியாகக் கடைக்குப் போய்விடலாமா என்று பார்த்தேன். கேட்பதற்கு முன் ஆள் இல்லாமல் போனால் குற்றமில்லை. தங்கை வாசலிலேயே நின்று, “அக்கா உள்ளதான் இருக்காங்க, வாங்க” என்று சொல்லிவிட்டாள். அவளை என்ன செய்தால் தகும்?

கெதுரா பாயை விரித்து உட்கார்ந்தாள். இளைத்திருந்தாள்.

“அக்கா, புபுசி கேக்க வந்தேன். என் புருஷனுக்காக நீங்க கோர்ட்ல நிக்கணும்.”

ஊரில் வேறு வக்கீலே இல்லையா என்றேன். ஒருவர் அரசாங்க வக்கீல், ஒருவர் இயாகோபாவின் மருமகன், மற்றவர் இவள் போனதும் உடம்பு சரியில்லை என்று படுத்துக்கொண்டாராம். எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை. யார் வீட்டுக்கு வந்து யாருக்காகக் கேட்கிறாய் என்று தெரிகிறதா என்றேன்.

“தெரியும். ஓட்டையே புபுசியா கேட்டு வாங்கினவங்க நீங்க. நான் உங்க வாயைத்தானே கேக்கறேன்.”

“என் வீட்டுக்காரர் சாகக் கிடந்தப்ப உன் வாசலுக்கு நான் இப்படிப் பாயோட வந்திருந்தா, உன் புருஷன் பிளேன்ல அனுப்பிருப்பாரா?”

“அனுப்பிருப்பார் அக்கா. இல்லைன்னு எப்படிச் சொல்வார்? நீங்க வரலையே.”

வந்திருப்பேன். பௌரோ விடவில்லை. நீதிபதி வீட்டிலிருந்து ஒருவரும் ஆட்சியில் இருப்பவரிடம் போய்க் கை நீட்டக் கூடாது என்றார். நீதான் இப்போது நீதிபதி இல்லையே என்று கத்தினேன் நான். அது தெவேயா சொல்வது, நான் சொல்லவில்லை என்றார்.

கெதுராவிடம் இதையெல்லாம் சொல்லவில்லை. அவள் பாயைச் சுருட்டாமல் அங்கேயே உட்கார்ந்திருந்தாள். கடைசியில் சரி என்றேன். அது வாயிலிருந்து எப்படி வந்தது என்று தெரியவில்லை.

செப்டம்பர் 27

தோற்றுவிடலாமா? வக்கீலுக்குத் தோற்கத் தெரியாதா என்ன. ஒரு தேதியை விட்டால் போதும். கெதுரா கேட்டது நிற்கத்தான், ஜெயிக்க இல்லை.

இதை எழுதிவிட்டுப் பார்க்கிறேன். எழுத்திலேயே அசிங்கமாக இருக்கிறது. ஆனாலும் அடிக்கவில்லை, இருக்கட்டும்.

செப்டம்பர் 29, திங்கள்

ஆட்கொணர்வு மனுவுக்கு என்ன ஆதாரம் என்று உட்கார்ந்தால் ஒன்றே ஒன்றுதான் இருக்கிறது. பௌரோவின் தீர்ப்பு. அவசர நிலையில் பிடித்தாலும் நீதிபதி முன் நிறுத்து என்று இந்த நாட்டில் சொன்ன ஒரே தீர்ப்பு.

அதை வைத்துக் காலையிலேயே மனுவைத் தாக்கல் செய்தேன், அரசாங்க வக்கீல் எப்படி மறுப்பார்? மறுத்துப் பதில் மனு சாயங்காலமே வந்துவிட்டது. பௌரோ முறையாக நியமிக்கப்பட்ட நீதிபதி அல்ல, ஆணையத்தின் பரிந்துரை இல்லை, ஆகவே அது தீர்ப்பே அல்ல. தெவேயா வானொலியில் பேசிய அதே வாக்கியம். ஏப்ரலில் இதே தீர்ப்பைச் சபையில் நெஞ்சில் அடித்துக்கொண்டு படித்த இயாகோபாவின் அரசாங்கம் சொல்கிறது.

தொலைபேசியில் இயாகோபாவைப் பிடித்துக் கேட்டேன்.

“அக்கா, அது அப்ப” என்றார். “நீங்க எதுக்கு இதுல? டிசம்பர்ல உங்களுக்கு நாற்காலி காத்திருக்கு. பேசாம உடம்பு சரியில்லைன்னு படுங்க.”

வைத்துவிட்டேன். பேப்பரைத் திரும்பத் திரும்பப் படித்தேன். பரிந்துரைக் கடிதம் எந்தக் கோப்பிலும் இல்லை. அன்றைக்கு ஆணையத் தலைவராக இருந்தவர் போன வருடமே செத்துப்போனார். ஆணையத்தோடு கூட உட்கார்ந்த அன்றைய தலைமை நீதிபதி ஆஸ்திரேலியாவுக்குத் திரும்பி, இப்போது யாரையும் அடையாளம் தெரியாத மறதி நோயில் இருக்கிறார். பரிந்துரை வந்ததா இல்லையா என்று சொல்லக்கூடிய ஒரே மனிதர், அதைக் கையில் வாங்கி நியமனத்தில் கையெழுத்துப் போட்ட அதிபர். தெவேயா.

அடடா. கடவுளே, அடடா.

செப்டம்பர் 30, செவ்வாய்

காவல் நிலையத்தில் பார்த்தேன். ஒரே அறை, ஒரு பாய், மூத்திர நாற்றம். அவர் எழுந்து நின்றார்.

“தோத்துப்போகத்தானே வந்திருக்கீங்க?” என்றார்.

“தோக்கறதா இருந்தா வீட்லயே இருந்துட்டே தோப்பேன். ஜெயிக்க வந்திருக்கேன். அதுக்கு நீங்க ஒரு பிரமாணம் எழுதித் தரணும்.”

அவர் எழுத வேண்டிய வாசகத்தை அப்படியே சொன்னேன்: பௌரோவை நியமிக்கச் சொல்லி ஆணையத்தின் பரிந்துரை முறைப்படி வந்தது. அதை நான் படித்தேன். பிறகு வரவில்லை என்று நான் நாட்டுக்குச் சொன்னது பொய். பௌரோ கடைசிவரை இந்த நாட்டின் நீதிபதி.

அவர் முகம் இறுகிவிட்டது. இது வழக்கா பழிவாங்கலா என்றார். இரண்டும்தான், வழக்குக்கு இது இல்லாமல் முடியாது, எனக்கும் இது இல்லாமல் முடியாது என்றேன். முடியாது என்று சுவரைப் பார்த்துத் திரும்பி உட்கார்ந்துகொண்டார். நல்லது, இருக்கட்டும். இனி அந்த அறையில் அவரைப் பூட்டி வைத்திருப்பது இயாகோபா இல்லை, அவருடைய பொய்.

அக்டோபர் 2

கெதுரா வந்து அழுதாள். நான் என் பங்கைச் செய்துவிட்டேன், போய் உன் புருஷனைக் கேள் என்றேன்.

அக்டோபர் 4, சனி

கையெழுத்துப் போட்டுவிட்டார். கெதுரா என்ன சொன்னாளோ, பாய் விரித்துக் கேட்டாளோ, தெரியாது. பேனாவைத் திருப்பிக் கொடுக்கும்போது, “பௌரோ நல்ல மனுஷன்” என்றார். அதை மனுவில் கேட்கவில்லை என்றேன்.

அக்டோபர் 8, புதன்

நீதிமன்றத்தில் நிற்க இடமில்லை. ஜன்னலிலெல்லாம் தலை. இப்போதைய தலைமை நீதிபதி நியூசிலாந்துக்காரர், இங்கே வந்து ஆறு மாதம்தான், பௌரோவைப் பார்த்ததே இல்லை. அதுவும் நல்லதுதான்.

தீர்ப்பை முழுவதுமாக நானே வாசித்தேன். பிறகு பிரமாணத்தைக் கொடுத்து உட்கார்ந்துவிட்டேன். மேலே ஒன்றும் கேட்க எனக்கு அவசியமில்லாமல் போயிற்று. அரசாங்க வக்கீலுக்குத் துணையாக வந்த இயாகோபாவின் மருமகன்தான் தெவேயாவைக் குறுக்கு விசாரணை செய்தான். விடுதலைக்காக மனுதாரர் எதையும் சொல்வார் என்று காட்டுவதாக நினைத்து, கேட்கவே கூடாத கேள்வியைக் கேட்டான்.

“அப்படின்னா அன்னிக்கு நாட்டுக்கே பொய் சொன்னீங்களா?”

“ஆமா, பொய்தான் சொன்னேன்.”

“ஒரு நீதிபதியப் பத்தி எதுக்கு அப்படிப் பொய் சொல்லணும்?”

தெவேயா என்னைப் பார்க்கவில்லை, நீதிபதியையும் பார்க்கவில்லை. ஜன்னலில் நின்ற ஜனங்களைப் பார்த்துத்தான் சொன்னார். “எனக்கு எதிரா தீர்ப்பு எழுதினார். வேற காரணம் இல்லை. அந்த எடத்துல உக்காந்தா அப்படித்தான் இருக்கு. நாம சொல்றதுக்கு ஒருத்தன் இல்லைங்கறான், அதைத் தாங்க முடியல.”

இரண்டரை வருடமாக இதைத்தான் கேட்க நினைத்தேன். இனித்ததா? இனித்தது. பாவசங்கீர்த்தனத்தில் சொல்ல வேண்டிய அளவுக்கு இனித்தது. வீட்டுக்கு வந்து கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். பௌரோ, நீ இருந்திருக்கணும்யா. ஒரு நாள், அந்த ஒரு மத்தியானம் இருந்திருக்கக் கூடாதா நீ?

அக்டோபர் 10, வெள்ளி

தீர்ப்பு. பௌரோ முறையாக நியமிக்கப்பட்டவர், அவர் சொன்னது இந்த நாட்டின் சட்டம், அது எல்லா அரசாங்கத்துக்கும் பொருந்தும். தெவேயாவை உடனே விட வேண்டும்.

விட்டார்கள். வெளியே அவருடைய ஆட்கள் தோளில் தூக்கிக்கொண்டார்கள். ஏதோ அவரே பெரிய தியாகி மாதிரி. எனக்கு நன்றி சொல்லவில்லை, நானும் அதற்காக நிற்கவில்லை. கெதுரா மட்டும் கூட்டத்துக்கு வெளியே வந்து என் கையைப் பிடித்தாள். உதறவில்லை, அவ்வளவுதான் என்னால் முடிந்தது.

அக்டோபர் 13

இயாகோபாவின் செயலாளர் தொலைபேசியில் அழைத்தார். டிசம்பர் பதவிக்கு வேறு ஆளைப் பார்க்கிறார்களாம். அதிபருக்கு என்மேல் வருத்தமாம். எனக்கும் அவர்மேல் கொஞ்சம் இருக்கிறது, வரிசையில் நிற்கச் சொல்லுங்கள் என்றேன்.

நவம்பர் 6

பினோகா வீட்டுக்குப் போனேன், பாய் இல்லாமல். டீ கொடுத்தான். அவன் மனைவி வெளியே வரவில்லை.

பிப்ரவரி 17, செவ்வாய்

பன்றி வழக்குக்காரர் இன்றைக்குக் காவல் நிலையத்தில். அடுத்த வீட்டுக்காரரின் பல்லை உடைத்துவிட்டார், பன்றி விஷயமாகத்தான். ஜாமீன் பேசப் போனேன். வெளித்தீவிலிருந்து புதிதாக மாற்றலாகி வந்த காவலர் ஒருவர் மேசையில் இருந்தார், நாற்பது வயது இருக்கும், தொப்பையும் சாந்தமுமான ஆள். இப்போதே விட முடியாது, ஆனால் கவலைப்படாதீர்கள் என்றார்.

“நாளைக்குப் பொழுது சாயறதுக்குள்ள பௌரோ காட்டிடுவோம் அம்மா. இங்க பௌரோ காட்டாம யாரையும் வெச்சுக்கறதில்ல.”

பௌரோ என்றால் என்ன என்று கேட்டேன்.

“ஜட்ஜு முன்னாடி நிறுத்தறது. நாங்க எல்லாரும் அப்படித்தான் சொல்றோம். எந்த மொழி வார்த்தைன்னு தெரியல, இங்கிலீஷா இருக்கும்.”

அவர் தேநீர் வேண்டுமா என்று கேட்டார். வேண்டும் என்று சொல்லி அந்த பெஞ்சிலேயே கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். அது ஒரு மனிதனின் பெயர் என்று நான் சொல்லவில்லை.